விலை குறையாது

கையடக்கக் கணினி செய்து விற்கிறோம். கம்பெனி என்றால் நானும் என் வீட்டுக்காரரும்தான். விலை வைப்பது நான். அதில் அவர் வாயே திறக்க மாட்டார்.

எங்கள் இணையப் பக்கத்துக்குத் தினமும் ஒரு ஆசாமி வந்து திட்டுவான்.

“இத்தனூண்டு பெட்டிக்கு இவ்வளவு விலையா? பகல் கொள்ளை!”

“நூறு பீஸ்தான் பண்றோம். குறைச்சா எங்க கையைக் கடிக்கும்” என்று பதில் போட்டேன்.

“பாதி விலைக்கு நல்ல போனே கிடைக்குதே!”

“அப்ப போனையே வாங்கிக்கோங்க.”

“என்ன திமிரு!”

“அதுக்குத் தனியா காசு வாங்கலையே!”

சண்டையை வேடிக்கை பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொன்று வாங்கிப் போனார்கள்.

இன்றும் அந்த ஆசாமி திட்டியிருந்தான். அடியில், எங்கள் கணினிகள் தானாகச் சேர்க்கும் வரி ஒட்டிக்கொண்டு வந்திருந்தது: ‘புது மாடலிலிருந்து அனுப்பியது.’

எங்கள் புது மாடல் இன்னும் விற்பனைக்கே வரவில்லை. செய்திருப்பதே ஒன்றுதான். அதைச் சோதித்துப் பார்க்கப் பக்கத்து அறைக்கு எடுத்துப் போனவர் என் வீட்டுக்காரர்.

கதவைத் திறந்தேன். பெட்டியை அவசரமாக முதுகுக்குப் பின்னால் ஒளித்தார்.

“விலை குறையாதுங்க” என்றேன். “ஆனா நிறுத்திடாதீங்க. நீங்க திட்டத் திட்டத்தான் விக்குது.”