மூன்று மடிப்பு

“ஹமீது பாய் துணி திருடுறார்” என்று தீர்ப்பே சொல்லிவிட்டாள் திரிபுரசுந்தரி.

அடுத்த வீட்டு ஜொஹரா பதறிப் போனாள். “ஏங்க்கா, அஞ்சு வேளை தொழுவுற மனுசன்...”

“தொழட்டும். பத்து வயசுப் பிள்ளை கவுனுக்கு நாலரை கெஜம் எதுக்கு? மூணரை தாராளம். கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்துல மதர் எனக்குப் பிரெஞ்சு மட்டுமா சொல்லிக் கொடுத்தாங்க? தையலும்தான். வருஷா வருஷம் ஒரு கெஜம் கூடக் கேட்டு வாங்குறார். ஒரு கைக்குட்டை அளவு துண்டாவது திரும்பி வந்திருக்கா?”

எல்லாம் போன வாரம் பார்த்த சினிமாவால் வந்தது.

மடத்துப் பள்ளிக்கூடக் கூடத்தில் ஜன்னலையெல்லாம் போர்வையால் மூடி, பழைய அமெரிக்க ஊமைப்படம் ஒன்றைக் காட்டினார்கள். கோடீஸ்வர வீட்டுச் சிறுமி ஒருத்தி மாடிப்படியில் இறங்கி வந்தாள். கழுத்தைச் சுற்றி லேஸ். இடுப்பில் அகலப் பட்டு நாடா. கணுக்கால் வரை பொத்தான் வைத்த பூட்ஸ். கைக்குளிருக்கு ரோமத்தில் ஓர் உறை.

கூடமே முன்னால் சாய்ந்து பார்த்தது.

“யா அல்லாஹ்! புள்ளையா, பூங்கொத்தா?” என்றாள் ஜொஹரா.

“சாப்பிட ஒரு சட்டை, தூங்க ஒரு சட்டை, அழறதுக்குக்கூடத் தனிச் சட்டை வச்சிருக்காடி!” என்றாள் திரிபுரசுந்தரி. வாய்தான் கேலி பேசியது. கண் திரையை விட்டு நகரவில்லை. பாவாடை விளிம்புக்கு மேலே வரிசையாக மூன்று மடிப்பு. எவ்வளவு நாகரிகம்!

பள்ளிக்கூடப் பரிசளிப்பு விழாவில் விருந்தாளிக்கு மாலை போடப் போகிறவள் அவள் மகள் சொர்ணம். அன்றைக்கு அதே கவுன், அதே மூன்று மடிப்போடு வேண்டும். மதரிடம் சொல்லி மறுநாள் காட்சிக்கு ஹமீது பாயையும் வரவழைத்தாள். அவர் சுவரில் சாய்ந்து நின்று, திரையில் சிறுமியின் முகத்தைப் பார்க்காமல் பாவாடை விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் நாள் காட்சியில் முன்வரிசையில் சொர்ணத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் அல்லி. திரிபுரசுந்தரி வீட்டில் வேலை செய்யும் காசியம்மாவின் மகள்; சொர்ணத்தின் வகுப்புத்தான். சொர்ணத்தைவிட ஒரு சாண் உயரம். சொர்ணம் போன வருஷம் போட்ட நீலக் கவுன் இப்போது அவள் மேல்.

“அளவெடுத்துத் தச்ச மாதிரில்ல இருக்கு!” என்று ஜொஹரா வியந்தாள்.

“கொடுக்கிற மனசு இருந்தா எல்லாம் பொருந்தும்” என்று திரிபுரசுந்தரி பெருமையாகச் சொல்லிக்கொண்டாள்.

இன்று கவுன் தயார். ஜொஹராவையும் இழுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனாள்.

ஹமீது பாய் கவுனை விரித்தார். திரையிலிருந்து இறங்கி வந்ததுபோல் இருந்தது. அவளே விளிம்பை ஒரு தரம் தடவிப் பார்த்தாள். ஆனால் வந்த வேலை வேறல்லவா?

“அழகாத்தான் இருக்கு. மிச்ச ஒரு கெஜம் எங்கே, பாய்?”

கடையில் துணி கொடுக்க வந்திருந்த நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

“அதுலயேதான் இருக்குங்கம்மா.”

“எதுல? என் கண்ணுல மண்ணைத் தூவாதீங்க. இனிமே என் வீட்டுத் துணி நாகப்பட்டினத்துக்குப் போகும். பிரெஞ்சுக்காரன் போனதும் எல்லைச் சாவடியைத்தான் எடுத்தாச்சே!”

ஹமீது பாய் கவுனை உள்பக்கம் திருப்பினார். தோளில், பக்கத் தையலில், இடுப்பில், எங்கு பார்த்தாலும் துணி பட்டை பட்டையாக மடிந்து ஒளிந்திருந்தது.

“இவ்வளவையும் உள்ளே மடிச்சு வீணாக்கியிருக்கீங்களே!”

“வீணில்லீங்கம்மா. வெளியில நீங்க கேட்ட மூணு மடிப்பும் அதுக்குத்தான். சினிமாவுல அது அழகுக்கு வச்சதில்லே. பிள்ளை வளர வளர ஒவ்வொண்ணாப் பிரிச்சு விடுறதுக்கு வச்சது. அந்தக் கவுனையே ஏற்கெனவே ஒரு தடவை இறக்கி விட்டிருக்காங்க. பழைய மடிப்போட கோடு தெரிஞ்சுது.”

“அவ்வளவு பெரிய கோடீஸ்வரப் பிள்ளைக்கா?”

“தையக்காரனுக்கு அதெல்லாம் ஏதுங்க? வளர்ற பிள்ளை, அவ்வளவுதான்.”

அவள் விடவில்லை. “சொர்ணம் ஒரு வருஷத்துல இவ்வளவா வளரப் போறா? அவ போட்டு முடிச்சதும் நான்தான் அல்லிக்குத் தூக்கிக் கொடுத்துடுவேனே!”

“ஆமாங்க. கொடுத்த அன்னிக்கே காசியம்மா எங்கிட்ட கொண்டாந்துரும். பிரிச்சு விட்டு, பழைய கோட்டு மேல லேஸ் வச்சுக் கொடுத்துருவேன்.”

திரிபுரசுந்தரிக்கு அந்த நீலக் கவுன் கண்முன் வந்தது. அதன் விளிம்பில் ஓடிய வெள்ளை லேஸை அவள் வைக்கச் சொன்னதில்லை.

“எத்தனை நாளா இது?” குரல் இறங்கியிருந்தது.

“அஞ்சு வருஷமாங்க. பாப்பாவுக்கு வெளி அளவு, அல்லிக்கு உள் அளவு.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

ஹமீது பாய் கவுனை மடித்துக் காகிதத்தில் சுற்றினார். “சொன்னா அது தர்மத்துணி ஆயிடுமேங்கம்மா. ரெண்டும் ஒரே பெஞ்சுல உக்காருதுங்க.”

ஜொஹரா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். பார்த்துக்கொண்டிருந்த நாலு பேரும் தங்கள் துணிகளைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

திரிபுரசுந்தரி பொட்டலத்தை வாங்கிக்கொண்டு படி இறங்கினாள். இறங்கியவள் திரும்பி நின்றாள்.

“அல்லி விடுவிடுன்னு வளர்றா, பாய். அடுத்த தடவை அஞ்சு கெஜம் எடுத்தா போதுமா?”