ஆணி அடித்த இடம்

அழகிரி கட்டைவிரலைச் சுவரில் வைத்து அழுத்தினார். விரலைச் சுற்றித் தண்ணீர் பீய்ச்சியடித்தது.

"வேணி! மாடிக்கு ஓடு! டேங்க் வால்வை மூடு!"

மனைவி ஓடினாள்.

ஈரத் தரையில் சுத்தியல் கிடந்தது. பக்கத்தில் ஆணி. அடித்த ஆணியை அப்படியே விட்டிருந்தால் தண்ணீர் இவ்வளவு பீறிட்டிருக்காது. பதற்றத்தில் பிடுங்கிவிட்டார்.

மணி ஒன்பதரை. காவிரிக்குப் போன சொந்தக்காரர்கள் பன்னிரண்டுக்குள் இந்தத் திருவானைக்காவல் வீட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். அதற்குள் இந்த ஹால் சுவர் தயாராக வேண்டும்.

அரியமங்கலத்திலிருந்து பைக்கில் பறந்து வந்த பிளம்பர் அப்துல் சுக்கூர், சுவரைத் தட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"லைன் எப்படி ஓடுதுன்னே தெரியலையே. மொத்தமா உடைச்சுப் பார்த்துடலாமா?"

"வேணாங்க. கொஞ்சமா உடைங்க."

"அப்ப லைன் போட்டவனுக்கு ஒரு போன் அடிங்க. சுவரைப் பூசறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்து வச்சிருப்பான். நாங்கல்லாம் எடுத்து வைப்போம்."

"எடுத்திருப்பான். கேக்க முடியாதுங்க."

"ஏன், சண்டையா?"

அழகிரி குனிந்து தரையில் கிடந்த ஆணியை எடுத்தார்.

"சண்டைதான்!" என்று சிரித்தபடி உளியை எடுத்தார் சுக்கூர்.

ஒரு சாண் உடைத்ததும் குழாய் தெரிந்தது. நேராக இல்லை. சுவரின் நடுவே சாய்வாக ஓடியது.

"எந்த மடையங்க இது? இப்படிக் குறுக்கால இழுத்திருக்கான்!"

"சமையல்கட்டுல தண்ணி வேகமா வரலைன்னு நான்தான் நச்சரிச்சேன்," என்றாள் வேணி.

ஓட்டை விழுந்த துண்டை சுக்கூர் வெட்டி எடுத்தார். அதை ஒட்டியிருந்த பழைய இணைப்பை ஈரத்துணியால் துடைத்தார். குரல் இறங்கியது.

"ஆனா ஜாயிண்ட் சுத்தம். வேலை தெரிஞ்ச கை. யாருங்க?"

"தெரிஞ்ச பையன்தாங்க."

புதுத் துண்டு ஒட்டி, வால்வைத் திறந்து பார்த்தாயிற்று. சுக்கூர் சிமென்ட் குழைத்துக் கரண்டியில் அள்ளினார்.

"கொஞ்சம் இருங்க."

அழகிரி குழிக்குள் கையை விட்டார். பழைய குழாயை மெல்லத் தடவினார்.

"கசியலை சார். நான் பார்த்துட்டேன்."

"சரிங்க. பூசுங்க."

பதினொன்றே முக்காலுக்குச் சுவர் மூடியது.

"இது காயட்டும். அந்த ஓரத்துல லைன் இல்லை, அங்க ஆணி அடிக்கலாம். எதை மாட்டணும்? கொடுங்க, நானே மாட்டிட்டுப் போறேன்."

வேணி உள்ளே போனாள். கட்டிலில் கவிழ்த்து வைத்திருந்த சட்டத்தை இரண்டு கையாலும் தூக்கி வந்தாள். கண்ணாடியில் சந்தனப் பொட்டு வைத்திருந்தது.

"எங்க பையன். அரவிந்தன். இன்னைக்குப் பதினாறாம் நாள்."

சுக்கூர் கையிலிருந்த சுத்தியலைக் கீழே வைத்தார்.

அவன் வேலைக்குப் போன இடத்தில் யாரோ எடுத்த படம். சிரித்துக்கொண்டிருந்தான். தோளில் ஒரு வெள்ளைக் குழாய் சாய்ந்திருந்தது.

அந்தக் குழாயை அழித்துத் தருவதாக ஸ்டுடியோவில் சொன்னார்கள்.

அழகிரிதான் வேண்டாம் என்றார்.