சாயந்திரம் ஓட வேண்டிய ஓட்டம்

காலையில் கோதண்டபாணியின் ஸ்கூட்டரிலிருந்து நிலா இறங்கியதைக் கனகராஜ் தன் கண்ணால் பார்த்திருந்தார். எந்தப் போட்டி எப்போது என்று முடிவு செய்கிறவரின் வண்டியில், தன் மகள் மதுமதியை எதிர்த்து ஓடப்போகும் பெண்ணுக்கு என்ன வேலை?

இப்போது மைக்கில் அறிவிப்பு வேறு. சாயந்திரம் மழை வரலாமாம். அதனால் பெண்கள் எண்ணூறு மீட்டர் இறுதி ஓட்டம் இன்னும் கொஞ்ச நேரத்தில் நடக்குமாம்.

கனகராஜ் அண்ணாந்து பார்த்தார். அடையாறு முழுக்க வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. இதில் ஜெயித்தால்தான் மதுமதிக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் காலேஜ் சீட். சாயந்திரம்தானே என்று அவருடைய மனைவி கட்டிக்கொடுத்த தயிர்சாதத்தை அவள் இப்போதுதான் காலி செய்திருந்தாள்.

நிலாவோ சற்றுமுன் ஆயிரத்து ஐநூறு மீட்டரில் முதலாவதாக வந்துவிட்டு, முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு புல்லில் கிடந்தாள். தி.நகரில் துணிக்கடை நடத்துகிற கனகராஜுக்கு இதுகூடப் புரியாதா? போணி நல்லபடியாக ஆகிவிட்டால் அன்று முழுக்க வியாபாரம்தான். அந்தச் சூடு ஆறுவதற்குள் அடுத்த பதக்கத்தையும் அள்ளப் பார்க்கிறார்கள்.

"அப்பா, நீ பேசாம இரு" என்று மதுமதி சட்டையைப் பிடித்து இழுத்தாள். சின்னப் பெண், சூதுவாது தெரியாது. அவர் கையை உதறிவிட்டு நடுவர்கள் கூடாரத்துக்குப் போனார்.

மழையெல்லாம் சாக்கு, யாருக்காக இந்த ஏற்பாடு என்று தெரியும், பத்திரிகைக்குப் போவேன் என்று கத்தினார். மற்ற நடுவர்கள் நெளிந்தார்கள். கோதண்டபாணி மட்டும் நிதானமாகக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சாயந்திரமே வெச்சிடலாமா சார்? நல்லா யோசிச்சு சொல்லுங்க."

"யோசிக்கிறதுக்கு என்ன இருக்கு? முதல்ல சொன்ன நேரத்துக்கே நடத்துங்க."

நடத்தினார்கள். மழை வரவில்லை. மத்தியானம் முழுக்கத் தூங்கி எழுந்த நிலா, கடைசி வளைவில் மதுமதியைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தாள்.

மதுமதி அப்பாவின் பக்கம் திரும்பக்கூட இல்லை. கனகராஜ் நொந்துபோய் நிற்க, கோதண்டபாணி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ரொம்ப தேங்க்ஸ் சார். என் பொண்ணு ரெஸ்ட் எடுக்கட்டும்னு நானே டைம திரும்பவும் சாயந்திரத்துக்கு மாத்தினா, ஊரு சும்மா விடுமா?"