செங்கோடனின் முட்டி

செங்கோடன் நொண்டுவதை முதலில் பார்த்தது செல்வம்தான். பார்த்ததும் துடிதுடித்துப் போனான். செங்கோடனுக்காக அல்ல, தன் பைக்குக்காக.

காளப்பநாயக்கன்பட்டி யுவராஜ், கம்ப்யூட்டர் படித்துவிட்டு வேலை கிடைக்காத கோபத்தில், செல்போனில் ஒரு கூடைப்பந்து லீக்கை உருவாக்கியிருந்தான். ஆட்டத்தைக் கம்ப்யூட்டரே ஆடிக்கொள்ளும். ஆட்டக்காரர்கள் மட்டும் கொல்லிமலையில் நடமாடும் நிஜ மனிதர்கள். அவர்களில் ஒருவர்கூடக் கூடைப்பந்தைத் தொட்டதில்லை. அதை யாரும் ஒரு குறையாக நினைக்கவில்லை.

ஞாயிறுதோறும் யுவராஜ் மலையேறி வந்து, ஆட்களை வேவு பார்த்து மதிப்பெண் போடுவான். அத்தனை கொண்டை ஊசி வளைவிலும் கம்பியைப் பிடிக்காமல் டிக்கெட் கிழிக்கும் கண்டக்டர் முருகானந்தத்துக்குச் சமநிலையில் தொண்ணூற்றாறு. மரத்திலிருந்து விழும் பலாப்பழத்தைச் சாக்கில் ஏந்தும் பொன்னாயிக்குப் பந்து பிடிப்பதில் தொண்ணூறு. தினைக்காட்டுக்குள் ஓர் ஆட்டைக்கூட விடாத ராமாயிதான் தடுப்பாட்ட ராணி. எல்லோருக்கும் மேலே செங்கோடன். மிளகு பறிக்க ஏறினால், ஒரு சில்வர் ஓக் மரத்திலிருந்து அடுத்த மரத்துக்கு அப்படியே தாவுகிறவன். எகிறும் திறன் தொண்ணூற்றெட்டு. செல்வத்தின் அணி இறுதிப் போட்டி வரை வந்ததே அவன் காலை நம்பித்தான். அவன் மரமேறும்போதெல்லாம் செல்வம் கீழே நின்று, “காலு பத்திரமுங்க” என்று கத்துவான்.

அணி முதலாளிகளும் மலைக்காரர்கள்தான்; ஆனால் எல்லோரும் புனைபெயரில் ஆட வேண்டும். யார் எந்த அணி என்பது யுவராஜுக்கு மட்டுமே தெரியும். இறுதிப் போட்டியில் தோற்றவர், ஜெயித்தவரை ஒரு வருஷம் கூப்பிட்ட நேரமெல்லாம் பைக்கில் ஏற்றிக்கொண்டு மலை ஏறி இறங்க வேண்டும். முடிவு வந்ததும் தோற்றவர் பெயரை யுவராஜ் ஜெயித்தவரிடம் சொல்வான். அவர் வந்து பின் சீட்டில் உட்கார்ந்துகொள்வார்.

செல்வத்தின் பைக் புதுசு. அந்தப் பின் சீட்டில் செங்கோடனின் தங்கை தேன்மொழியைத் தவிர வேறு யாரும் உட்காரக் கூடாது என்று சபதம் எடுத்திருந்தான். இது தேன்மொழிக்கு இன்னும் தெரியாது.

“என்னங்க மச்சான், காலு?” என்றான் செல்வம். செங்கோடனை அவன் மச்சான் என்றுதான் கூப்பிடுவான். செங்கோடன் விடாப்பிடியாகத் தம்பி என்பான்.

“மரத்துல வழுக்கிருச்சு தம்பி. எடது முட்டி. ஒரு மாசம் ஏணிப் பக்கமே போவக் கூடாதாம்.”

இடது முட்டியில் சிவப்புத் துண்டு இறுக்கிக் கட்டியிருந்தது.

“யாருகிட்டயாச்சும் சொன்னீங்களா?”

“நொண்டறதுக்கு எவனாச்சும் தண்டோரா போடுவானா?”

“சொல்லவே சொல்லாதீங்க. ஊர்க்கண்ணு பொல்லாதது. நாளைக்கு வரைக்கும் ஊட்டை உட்டு வெளிய வராதீங்க. சோறு நான் கொண்டாரேன்.”

“என்ற மேல உனக்கு எதுக்கு சாமி இத்தனை பாசம்?”

“மச்சானுக்குச் செய்யாம யாருக்குங்க செய்யறது?”

அன்று சனிக்கிழமை. ஆட்களை மாற்றிக்கொள்ள அன்று மாலையோடு கெடு முடிகிறது. மறுநாள் யுவராஜ் வந்து பார்த்தால் செங்கோடனின் மதிப்பு மரவள்ளித் தோலுக்குச் சமம். அதற்குள் அவனை யார் தலையிலாவது கட்டிவிட வேண்டும். இறுதிப் போட்டியில் எதிரே நிற்கும் ஆகாயகங்கை அணியின் தலையிலேயே கட்டிவிட்டால்?

ஊருக்குள் டவர் கிடைக்காது. உயரத்துக்குப் போக வேண்டும். செல்வம் பைக்கை முறுக்கி மேட்டு வளைவுக்குப் போய், ஆகாயகங்கைக்குச் செய்தி தட்டினான்.

‘செங்கோடனைத் தாரேன். முருகானந்தத்தைக் குடுங்க.’

உடனே பதில் வந்தது. ‘செங்கோடனுக்குக் காலெல்லாம் சுகந்தானுங்களே?’

செல்வம் துளியும் கூசவில்லை. ‘மான் மாதிரி இருக்காருங்க. காத்தால கூட ஓடறதைப் பாத்தேன்.’

‘நீங்க சொன்னாச் சரிங்க. கூட ராமாயியையும் குடுத்துருங்க.’

கேட்டது அநியாயம்தான். ஆனால் நொண்டிக் குதிரையை விற்கிறவன் சேணத்துக்குப் பேரம் பேசலாமா? கொடுத்துவிட்டான். யாரோ ஒரு அப்பாவி மாட்டிக்கொண்டான் என்று வழியெல்லாம் சிரித்துக்கொண்டே, செங்கோடனுக்குப் பரோட்டாவும் கோழிக்குழம்பும் வாங்கிப் போனான்.

செங்கோடன் கட்டிலில் படுத்திருந்தான். மேல்மூச்சு வாங்கியது. வலி போலிருக்கிறது. தலைமுடியில் ஒரு சில்வர் ஓக் இலை ஒட்டிக்கொண்டிருக்க, செல்வம் அதைப் பாசத்தோடு எடுத்துவிட்டான். அப்போதுதான் பார்த்தான். துண்டு வலது முட்டியில் இருந்தது.

“ஐயோ மச்சான், இந்தக் காலுமா?”

செங்கோடன் குனிந்து பார்த்தான். “ஆமாந் தம்பி. பரவிருச்சு.”

செல்வத்துக்கு ஆடவேண்டும் போலிருந்தது. அடக்கிக்கொண்டு இன்னொரு பரோட்டாவைப் பிய்த்துப் போட்டான்.

மறுநாள் சாயங்காலம் மேட்டு வளைவில் பைக் மேல் உட்கார்ந்து முடிவுக்காகக் காத்திருந்தான். செல்போன் சிணுங்கியது. முதலில் புது மதிப்பெண்.

‘செங்கோடன்: இன்று நேரில் பார்த்தேன். ஏணியே இல்லாமல் ஏறுகிறார். எகிறும் திறன் நூறு.’

அடுத்து முடிவு. ஆகாயகங்கை ஜெயித்துவிட்டது. முருகானந்தம் கடைசி வரை கீழே விழவில்லை. அதற்கு மேல் அவரும் எதுவும் செய்யவில்லை.

செல்வம் திரும்பிப் பின் சீட்டைத் தடவிப் பார்த்தான். எந்த அப்பாவி பின் சீட்டுக்கு வரப்போகிறானோ?

ரோட்டோரக் கட்டைச் சுவருக்குக் கீழே தடதடவென்று யாரோ ஓடிவரும் சத்தம் கேட்டது. மறு விநாடி ஓர் உருவம் சுவரை ஒரே எகிறாக எகிறித் தாண்டி, பின் சீட்டில் பொத்தென்று வந்து உட்கார்ந்தது. பைக் ஒரு முறை அமுங்கி எழுந்தது.

சிவப்புத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே செங்கோடன் சொன்னான்:

“அடிவாரத்துக்கு, காரவள்ளிக்கு உடு தம்பி, தேன்மொழிக்கு அங்க ஒரு மாப்பிள்ளை இருக்குதாம், இந்த எடம் தவறினாலும் பரவால்ல, இன்னும் ஒரு வருசம் இருக்குதே!”