வாசல் தொட்டி

"எமனே வந்தாலும் வாசல் தொட்டியில இருக்கிற மருந்துத் தண்ணியில காலை நனைச்சாத்தான் என் வாழைத் தோட்டத்துக்குள்ள விடுவேன், மாப்பிள்ளை!"

ஐந்து மாதம் முன்பு மாமனார் மார்தட்டியபோது மருமகன் விழுந்து விழுந்து சிரித்தான்.

இன்று நாற்பது வாழைகள் வாடல் நோயில் சாய்ந்துவிட்டன. மீதியையும் வெட்டி அழித்தாக வேண்டும்.

"கொசுவுக்கே கால் கழுவிவிட்டவன் நான்! எந்தப் படுபாவி நனைக்காம நுழைஞ்சான்? பயிர் நோய் ஆபீசர் நீங்கதானே, சொல்லுங்க!"

மருமகன் தலை குனிந்தான்.

"இந்த நோய் பரவ பூட்ஸ்ல ஒட்டின மண்ணே போதும், மாமா. நீங்க மார்தட்டின அன்னிக்கு, இதே நோய் வந்த வேற தோட்டத்தைப் பார்த்துட்டு நேரா இங்கதான் வந்தேன். புது பூட்ஸ் பாழாயிடுமேன்னு, நீங்க அந்தப் பக்கம் திரும்பினதும் தொட்டியைத் தாண்டிட்டேன். எமன் வந்தான், மாமா. காலை நனைக்கல."