தனிக் கோப்பை

"முப்பது வருசமாய் அன்னதானத்துக்கு அகப்பை பிடிச்ச கை. இந்த முறை ஏலாதெண்டால் என்ன கதை, ஏரம்பண்ணை?"

பிள்ளையார் கோயில் தலைவர் கதிர்காமு படலையைத் திறந்தபடியே கேட்டுக்கொண்டு வந்தார்.

"எனக்கு ஏலாது, கதிர்காமு. வேறை ஆளைப் பாரும்."

"இந்தக் கரம்பொன் ஊரிலை உங்களைப்போலக் கணக்காய்ச் சோறு போட ஆரிருக்கினம்? ஏலாட்டிக் கதிரையிலை இருந்து போடுங்கோ."

ஏரம்பர் தலையாட்டி மறுத்தார்.

"உள்வீதிக்கும் வாறியள் இல்லையாம். தேர்முட்டியடியிலை நிண்டு கும்பிட்டுப்போட்டுத் திரும்பிறியளாம். பிள்ளையாரோடை கோவமோ?"

ஏரம்பர் தன் கால்விரல்களைப் பார்த்தார்.

குசினி வாசலில் நின்ற பரிமளம் மணிக்கூட்டைப் பார்த்தாள். கணவர் இன்சுலின் ஊசி போட்டுக் கால் மணித்தியாலம் ஆகிவிட்டது. இன்னும் கால் மணித்தியாலத்துக்குள் அவர் சாப்பிட்டாக வேண்டும்.

கதிர்காமு அவள் பக்கம் திரும்பினார்.

"பரிமளமக்கா, குடிச்சவங்களெல்லாம் கல்லுப்போலத் திரியிறாங்கள். கள்ளு முட்டியை மணந்தும் பாராத மனிசனுக்குச் சதையி அழுகிப்போச்சு. கோவம் வரும்தான். ஆனால் சாமியோடை கோவிச்சு ஆருக்கு நட்டம்?"

பிறகு அரிசி மூட்டை, பூசணிக்காய், பந்தல் என்று பேச்சு நீண்டது.

போன வருடம் பித்தப்பையிலிருந்து இறங்கிய ஒரு சின்னக் கல் செய்த வேலை அது. வயிற்றுக்குள் கணையம் என்கிற சதையியின் வாயை அது அடைத்துக்கொண்டது. யாழ்ப்பாணத்தில் பாதிச் சதையியை வெட்டி எடுத்தார்கள். இரத்தத்தில் சீனியை அளந்து வைப்பதும் சாப்பாட்டைச் செமிக்கப் பண்ணுவதும் அந்தச் சதையிதான். இப்போது சீனிக்கு ஊசி. செமிபாட்டுக்கு, ஒவ்வொரு சாப்பாட்டோடும் இரண்டு குளிசை.

விரலில் குத்திப் பார்த்தால் ஒருநாள் முந்நூறு, மறுநாள் அறுபது. பிட்டைக்கூடப் பரிமளம் பேணியால் அளந்துதான் வைக்கிறாள். நின்றபடியே நித்திரை கொள்ளும் அளவுக்குக் களைத்துப்போயிருந்தாள்.

அதையெல்லாம் பொறுக்கலாம். ஆசுப்பத்திரியால் வந்த நாள் தொடக்கம் ஏரம்பர் அவளோடு இருந்து சாப்பிடுவதில்லை. அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

தனக்கென்று ஒரு சாப்பாட்டுக் கோப்பை, ஒரு மூக்குப்பேணி. பின்விறாந்தையில் தனியாகச் சாப்பாடு. "அகப்பை கோப்பையிலை முட்டாமல் போடும்" என்பார். சாப்பிட்டதும் தானே கிணற்றடிக்குக் கொண்டுபோய்க் கழுவுவார். அவள் கை நீட்டினால், "விடும், தொடாதேயும்!" என்று பாய்வார்.

"வருத்தம் வந்தால் ஆம்பிளையளுக்குப் பெண்சாதியிலைதான் எரிச்சல்" என்று அயலில் சொன்னார்கள். பரிமளமும் அதை நம்பத் தொடங்கியிருந்தாள்.

கதிர்காமு ஒருவழியாகப் போனார். பரிமளம் அவசரமாகச் சோற்றைப் போட்டுவிட்டுக் குழம்பெடுக்கக் குசினிக்குள் போனாள்.

பின்விறாந்தையில் கோப்பை விழுந்த சத்தம் கேட்டது.

ஓடிப்போய்ப் பார்த்தாள். ஏரம்பரின் சட்டை வேர்வையில் தோய்ந்திருந்தது. கை நடுங்கியது. சோறு சிதறிக் கிடந்தது; குளிசை இரண்டும் நிலத்தில் உருண்டு கிடந்தன.

சீனி இறங்கிவிட்டது!

சீனித் தண்ணீரைக் கலக்கி வாயில் வைத்தாள். மிடறு மிடறாக இறங்கியது. பத்து நிமிடத்தில் அவருக்கு முகம் தெளிந்தது.

"உள்ளுக்கை இருந்திருந்தால் நான் கண்டிருப்பன்" என்றாள் பரிமளம். "நான் கிணத்தடியிலை நிண்டிருந்தால் என்ன நடந்திருக்கும்?"

"இப்ப ஒண்டும் நடக்கேல்லைத்தானே."

"நாளைக்கு நடக்கும். இண்டு முதல் குசினிக்குள்ளை இருந்து சாப்பிடுங்கோ."

"ஏலாது."

பரிமளம் அப்படியே நிலத்தில் குந்தினாள்.

"உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு, என்ன? அதுதானே என்ரை கையை அருவருக்கிறியள்?"

"என்ன தெரிஞ்சுபோச்சு?"

இதற்கு மேலும் சுமக்க அவளிடம் தெம்பில்லை.

"அந்தக் குளிசை பன்றியின்ரை சதையியிலை இருந்து எடுக்கிறது. பாமசியிலை சொன்னவை. வேறை மருந்து இல்லையாம். உங்களுக்குச் சொன்னால் விட்டிடுவியள். விட்டால் தின்னுறது ஒண்டும் உடம்பிலை சுவறாது, உருகிப் போயிடுவியள். அதுதான் பெட்டியை எரிச்சுப்போட்டு வேறை போத்திலிலை போட்டு வைச்சனான். முட்டைக்கோதுகூட விழாத வீட்டிலை, எட்டு மாசமாய், நாளுக்கு ஆறு குளிசை. நான்தான் தந்தனான்."

குளிசைப் போத்தல் இப்போது கிணற்றுக்குள் போகும் என்று அவள் காத்திருந்தாள்.

ஏரம்பர் குனிந்து, நிலத்தில் கிடந்த குளிசைகளைப் பொறுக்கினார். சாரத்தில் துடைத்தார்.

"வேறை சோறு போட்டுக்கொண்டு வாரும். இதுகளைப் போடவேணும்."

"நான் சொன்னது கேட்டதோ?"

"கேட்டது. பெரிய டொக்டர் வார்ட்டிலையே சொன்னவர். 'இப்பிடியொரு மருந்து, உங்களுக்குச் சம்மதமோ' எண்டு கேட்டவர். ஓம் எண்டனான்."

பரிமளம் குந்தியிருந்த இடத்திலிருந்து எழும்பினாள்.

"அப்ப என்னிலை கோவமில்லையே? பிறகேன் இப்பிடித் தனியக் கிடந்து தின்னுறியள்?"

ஏரம்பர் கோப்பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"இதை விழுங்கிறதாலைதான் உள்வீதிக்கும் போறேல்லை, அகப்பையும் பிடிக்கேல்லை. நீர் விரதகாரி. உமக்கு இது தெரியாதெண்டு நினைச்சன். சொல்லாமல் என்ரை எச்சிலை உம்மடை குசினிக்குள்ளை கொண்டு வாறது சரியே?"