கடைசி வாரத்து மூச்சு

கோகிலத்தின் இடுப்பு வலிக்குக் கணவர் சென்னியப்பனின் மூச்சுதான் மருந்து. அவர் நெஞ்சில் மூச்சைப் படிக்கும் ஒரு மின்பட்டை, அவள் நெஞ்சில் அதோடு இணைந்த இன்னொரு பட்டை. அவர் நிதானமாக இழுத்து விட, அதே தாளத்தில் இவள் பட்டை இவள் நெஞ்சை அமுக்கித் தளர்த்தும். நரம்பெல்லாம் அடங்கிவிடும்.

மாசியில் அவர் போய்ச்சேர்ந்த பிறகும், கற்றுக்கொண்ட மூச்சைப் பட்டை விடாமல் நடத்தியது. ஆனால் அவருடைய கடைசி வாரத்தையும் அது கற்றிருந்தது. கழற்றினால் கோகிலம் துடித்துப்போவாள் என்று, ஆஸ்பத்திரியிலும் அவர் தன் பட்டையைக் கழற்ற விடவில்லை.

இப்போது அவள் பட்டை அந்த வாரத்தையே நடத்த, விடும் மூச்சுக்கும் இழுக்கும் மூச்சுக்கும் நடுவே இடைவெளி நாளுக்கு நாள் நீண்டது. இன்று மகள் தாரணி காபியோடு வந்தபோது அம்மாவின் உதடு நீலம் பாரித்திருந்தது. முகத்தில் மட்டும் அப்படியொரு அமைதி.

"வலிக்குதாம்மா?"

"துளிகூட இல்ல கண்ணு."

தாரணி பட்டையின் கொக்கியில் கை வைத்தாள். கோகிலம் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சித்த பொறு. அப்பா இப்பத்தான் மூச்ச விட்டிருக்காரு. அடுத்தத இழுக்கட்டும், கழட்டிக்கலாம்."

கொக்கியிலிருந்து கையை எடுக்காமல், தன்னையறியாமல் தானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, அப்பா இழுப்பதற்காகக் காத்திருந்தாள் தாரணி.